ஹீரோ எங்க வே?

தமிழ் சினிமாவுக்கு இரண்டு கதாநாயகிகள் என்றால் கொள்ளை ஆசை. 'இரு கோடுகள்' (1969), 'ரெட்டை வால் குருவி' (1987), 'வீரா' (1994), 'சதி லீலாவதி' (1995)... இதில் எதையாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் போட்டால் எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு ஆள், இரண்டு வீடு. இவள் வரும்போது அவள் வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான் கதை. தியேட்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. யாரும் கண்ணாடியை உடைக்கவில்லை. போஸ்டரைக் கொளுத்தவில்லை. நம் பண்பாடு கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் கணக்குப் போடுகிற வியாதி உண்டு. ஒரு ஆண், இரண்டு பெண் என்றால் காமெடி. ஒரு பெண், இரண்டு ஆண் என்றால் தியாகம். (நண்பனுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் ஒரு சோகப் பாட்டு.) சரி, முதல் கணக்கிலிருந்து அந்த ஆணை மட்டும் கழித்துவிட்டால்? மீதி இரண்டு பெண்கள். அங்கேதான் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாமல் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்.

பனவடலிசத்திரம் என்றால் உங்களில் பல பேருக்குத் தெரியாது. சங்கரன்கோவிலில் திருநெல்வேலி பஸ் ஏறித் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் வரும். தூங்கிவிட்டால் தேவர்குளத்தில் இறங்கித் திரும்பி வரவேண்டும். பஸ் ஸ்டாப் எதிரே ஒரு டீக்கடை, டீக்கடைக்கு எதிரே ஒரு சுவர். நான் காலேஜுக்குப் போய்வந்த நாளில் அந்தச் சுவர்தான் எங்களுக்கு சினிமாப் பத்திரிகை. வெள்ளிக்கிழமை விடிந்தால் பசை காயாத போஸ்டர் இருக்கும். அதில் ஓரமாக, பகல் காட்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட 'ஏ' படம் ஒன்று. பெயர் இப்போது நினைவில்லை. இரண்டு பெண்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்கிறார்கள்.

டீக்கடை அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே, ரெண்டும் பொம்பளையால்லா இருக்கு. ஹீரோ எங்க வே?"

பெஞ்சு சிரித்தது. ஆனால் அண்ணாச்சியை அறியாமல் அவர் கேட்டது நல்ல கேள்வி. அந்தப் போஸ்டரை இன்னொரு முறை பார்த்தால் தெரியும். அந்த இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. இரண்டு பேருமே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹீரோ எங்கேயும் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், வரிசையாக ஐந்தாறு பேர்.

அதாவது ஸார், இரண்டு பெண்களை ஒட்டி நிற்கவைத்தால் நமக்கு ஆட்சேபணையே கிடையாது. நமக்காக நிற்கும்வரை!

*

அப்படி நமக்காக நிற்காத ஒரு படம் 1998 நவம்பரில் வந்தது. தீபா மேத்தா எடுத்த 'ஃபயர்'. ஷபனா ஆஸ்மி, நந்திதா தாஸ். (ஆமாம், நம் 'அழகி' நந்திதா தாஸ்தான்.) டெல்லியில் ஒரு கூட்டுக் குடும்பம். இரண்டு மருமகள்கள், ராதா, சீதா. மூத்தவளின் கணவர் சாமியார் ஒருவரிடம் போய் பிரம்மச்சரியம் பழகுகிறார். இளையவளின் கணவன் கல்யாணத்துக்குப் பிறகும் பழைய காதலியை விடவில்லை. சமையல்கட்டில் தனித்துவிடப்பட்ட இரண்டு பெண்களும் ஒருத்திக்கு ஒருத்தி ஆகிறார்கள்.

சென்சார் போர்டு ஒரு வெட்டும் இல்லாமல் 'ஏ' சர்டிபிகேட் கொடுத்திருந்தது. இந்திப் பிரதியில் மட்டும் சீதா, நீதா ஆனாள். ஒரு எழுத்தில் புராணத்தைக் காப்பாற்றியாயிற்று! படம் மூன்று வாரம் போல நன்றாகவே ஓடியது. டிசம்பர் 2-ம் தேதி மும்பை கோரேகாவ் தியேட்டர் ஒன்றில் சிவசேனாக்காரர்கள் புகுந்து கண்ணாடிகளை நொறுக்கினார்கள். மறுநாள் டெல்லி ரீகல். படம் மறுபடி சென்சாருக்குப் போனது. அவர்களும் மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு வெட்டும் இல்லாமல், 1999 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார்கள்.

ரகளை செய்தவர்கள் தரப்பில் சொன்ன காரணம்தான் அருமை. இப்படியே விட்டால் கல்யாணம் என்கிற ஏற்பாடே சரிந்துவிடுமாம், இனவிருத்தி நின்றுவிடுமாம். ஒரு மேட்னி ஷோவில் சரிந்து விழுகிற சமாசாரத்துக்கா ஸார் இத்தனை மண்டபம், இத்தனை சீர்வரிசை, இத்தனை மொய்?

அப்போது எனக்கு எட்டு வயது. 'ஃபயர்' என்றால் சிவகாசி என்று நினைத்திருப்பேன். படத்தைப் பார்த்தது பத்து வருஷம் கழித்து, திருநெல்வேலியில் நண்பர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ரூமில். ஒரே கம்ப்யூட்டர், முன்னால் ஒன்பது பேர். சி.டி. கொண்டுவந்தவன் பெரிய பில்டப் கொடுத்திருந்தான்.

"ஓட்டுடே... ஓட்டுடே..."

ஓட்டினார்கள். காய் நறுக்குவது, விரதம், வாய் பேச முடியாத மாமியார் மணி அடிப்பது எல்லாம் சாப்ளின் படம் மாதிரி விறுவிறுவென்று ஓடியது. தேவையான இடத்தில் நின்றது. இரண்டு நிமிஷம்கூட இல்லை.

"இவ்ளோதானா? இதுக்கா கண்ணாடிய ஒடச்சானுவ?"

மற்றவர்கள் புரோட்டா சாப்பிடப் போய்விட்டார்கள். கடையநல்லூர்ப் பையன் ஒருத்தன் மட்டும், "மொதல்ல இருந்து போடுங்க, என்னதான் கதைன்னு பாப்போம்" என்றான். அவன் புண்ணியத்தில் நானும் பார்த்தேன். ஓட்டிவிட்ட பகுதியில்தான் படமே இருந்தது.

அதில் முண்டு என்று ஒரு வேலைக்காரன். கிழவியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அவள் முன்னாலேயே ஆபாச வீடியோ போட்டுப் பார்க்கிற ஆசாமி. இரண்டு பெண்களையும் ஒளிந்து பார்த்து முதலாளியிடம் போட்டுக்கொடுப்பதும் அவன்தான். இன்னொரு பக்கம் மூத்தவளின் கணவர். குடும்பத்தோடு பூங்காவுக்குப் போயிருக்கிறார்கள். இளையவள் மூத்தவளின் காலைப் பிடித்துவிடுகிறாள். அந்தக் கை பிடிக்கிற விதத்தில் எல்லாமே இருக்கிறது. கணவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்துவிட்டு, ஆஹா, நம் குடும்பம் என்ன ஒற்றுமை என்று பூரிக்கிறார்!

தீபா மேத்தா நம்மை முன்கூட்டியே படத்துக்குள் வைத்துவிட்டார் என்று தோன்றியது. ஒன்று, ஒளிந்து பார்க்கிற முண்டு. அல்லது, பார்த்தும் தெரியாத கணவர். எங்கள் ரூம் முதல் ரகம். எங்கள் ஊர் இரண்டாவது ரகம். ஊர்க் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு பார்வையாளரும் இருந்தார். கல் எறிந்தவர்கள் படம் பத்திரிகையில் வந்ததால் அவரைப் பல பேர் கவனிக்கவில்லை. ரீகல் ரகளை முடிந்து சில நாளில் அதே வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு கூட்டம் நின்றது. அதில் சில பெண்கள் பிடித்திருந்த அட்டையில், இந்தியப் பெண், லெஸ்பியன் என்று இரண்டையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லே அயல்நாட்டு இறக்குமதி என்று கத்தியவர்களுக்கு அதுதான் பதில். இருட்டில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்து, 'எங்களைப் பற்றிய படத்தை எங்களைக் கேட்காமல் நிறுத்தினால் எப்படி?' என்று கேட்ட மாதிரி. இந்த அரை நூற்றாண்டில் சினிமா தியேட்டர் வாசலில் நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்பேன். பாலாபிஷேகத்தைவிட நிச்சயம் நல்லது.

*

2004-ல் 'கேர்ள்ஃப்ரெண்ட்' என்று ஒரு இந்திப் படம். டைரக்டர் கரண் ரஸ்தான். விஜய்யோடு 'நெஞ்சினிலே'யில் ஆடிய இஷா கோபிகரும் அம்ரிதா அரோராவும் நடித்தார்கள். இதற்கும் தியேட்டர் வாசலில் ரகளை. வேடிக்கை என்னவென்றால், இந்த முறை லெஸ்பியன் அமைப்புகளும் எதிர்த்தன. காரணம் எதிரெதிர். அவர்கள் ஏன் காட்டினாய் என்றார்கள், இவர்கள் ஏன் இப்படிக் காட்டினாய் என்றார்கள்.

இவர்கள் பக்கம்தான் நியாயம். அந்தப் படத்தில் ஒரு பெண்ணை விரும்புகிறவள் பொறாமை பிடித்தவள், வெறி பிடித்தவள், சின்ன வயதில் நடந்த கொடுமையால் அப்படி ஆனவள். நடுவில் நம் கண்ணுக்கு விருந்தாக ஒரு காட்சி. கடைசியில் அவள் ஜன்னலிலிருந்து விழுந்து செத்துப்போகிறாள், தோழிக்கு ஹீரோ கிடைக்கிறார். பெஞ்சில் இருப்பவருக்கு இரண்டு லாபம். காசு கொடுத்த காட்சியும் பார்த்தாயிற்று, தர்மமும் ஜெயித்தாயிற்று. வரவும் சரி, செலவும் சரி.

மலையாளத்தில் இந்த விஷயத்தை நமக்கு வெகு முன்பே தொட்டுவிட்டார்கள். 1978-லேயே 'ரண்டு பெண்குட்டிகள்' வந்தது. 1986-ல் பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்லா'. ஸ்கூல் டூரிலிருந்து ஓடிப்போகிற இரண்டு மாணவிகள். வாய் திறந்து எதையும் சொல்லாத படம், ஆனால் சொல்லாமலே புரிகிற படம். என்ன, அதிலும் முடிவு சாவுதான். 2004-ல் 'சஞ்சாரம்' என்று லிஜி புல்லப்பள்ளி ஒரு படம் எடுத்தார். அமெரிக்காவில் வக்கீலாக இருந்தவர். அதில் ஒரு பெண் அருவி விளிம்புவரைக்கும் போகிறாள். போய்விட்டுத் திரும்பி வருகிறாள். திரும்பி வருவதற்கு மலையாள சினிமாவுக்கு ஏறக்குறைய 26 வருஷம் ஆகியிருக்கிறது.

தமிழில்? ஹீரோயினின் தோழியைக் காமெடியனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்தோம்.

*

ஊர்க் கதை சொல்வதாகச் சொன்னேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் (எந்தத் தெரு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள்) இரண்டு அக்காக்கள் இருந்தார்கள். ஒருத்தர் பீடி சுற்றுவார், ஒருத்தர் தையல் மெஷின். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போனால் ஒரே கலரில் சேலை. சாயந்திரம் திண்ணையில் ஒருத்தர் தலையை ஒருத்தர் வாரிவிடுவார்கள். ஊர் என்ன சொல்லும்? "பாவம், அக்கா தங்கச்சி கணக்கா இருக்காவ." அவ்வளவுதான். யாரும் கல் எறியவில்லை, குறுக்கே கேட்கவில்லை. அவர்களுக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை.

பீடி சுற்றிய அக்கா ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சலில் போய்விட்டார். தம்பி மகன் பைக்கில் வந்தான். கொள்ளி வைத்தான். பதினாறு முடிந்ததும் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். பி.எஃப். பணத்துக்காக பாரம் நிரப்ப என்னிடம்தான் வந்தார்கள், பி.காம். ஆச்சே. நாமினி கட்டத்தில் அந்தத் தம்பி மகன் பெயர் இருந்தது. எப்போது யார் எழுதியது என்று யாருக்கும் நினைவில்லை. தையல்கார அக்கா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தால் இவருக்கு அதில் என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினேன். 'அக்கா தங்கச்சி கணக்கா' என்று எழுத முடியாது.

பார்த்தும் தெரியாமல் இருக்கிற ஊர் நல்ல ஊர் மாதிரிதான் இருக்கும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும்வரை. சாவு விழுந்தால்தான் பெயர் கேட்கும்.

*

அதனால்தான் 2025 பிப்ரவரி 14-ம் தேதி ரிலீஸான 'காதல் என்பது பொதுவுடமை' படத்தை, சென்னைக்கு வேலையாகப் போன இடத்தில் மெனக்கெட்டுத் தேடிப்போய்ப் பார்த்தேன். டைரக்டர் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன். 'ஜெய் பீம்' லிஜோமோள் ஜோஸ், அனுஷா பிரபு. அம்மாவாக ரோகிணி, அப்பாவாக வினீத். மகள் காதலிப்பதாகச் சொல்கிறாள். அம்மா முற்போக்கானவர், சந்தோஷமாக வீட்டுக்கு அழைத்துவரச் சொல்கிறார். வந்து நிற்பது ஒரு பெண். முற்போக்கு அந்த வாசல்படியில் தடுக்கி விழுகிறது.

தியேட்டரில் முப்பது பேர் இருந்திருப்போம். எனக்கு முன்வரிசையில் இரண்டு இளைஞர்கள், டை கட்டிய ஆபீஸ்காரர்கள். இன்டர்வெலில், "சீன் ஒண்ணும் இல்ல மச்சான்" என்று எழுந்து போனார்கள். நம்ம டீக்கடை பெஞ்சு, டை கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் காலேஜ் பெண்கள் நாலைந்து பேர். ரோகிணி உடைந்துபோகிற இடங்களில் அவர்களிடம் சத்தமே இல்லை. பாப்கார்ன் சத்தம்கூட.

படத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. பாதிப் படம் பெற்றவர்கள் ஜீரணிக்கிற கதை. காமிரா அம்மாவின் முகத்தைத்தான் அதிகம் தேடுகிறது. இரண்டு பெண்களும் தங்களுக்குள் பேசுவதைவிட, நமக்கு விளக்கம் சொல்வது அதிகம். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனதற்கு அவர்கள் சண்டை போடுகிற படம் எப்போது வரும் என்று இருந்தது. ஆனால் டைரக்டர் பக்கமும் யோசித்தேன். தமிழ்நாட்டில் இந்தப் படத்தைப் பார்த்தாக வேண்டிய ஆள் யார்? அம்மாதான். அவருக்கு உட்கார ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். அந்தப் போஸ்டர்க்காரர் எனக்குப் போட்டாரே, அந்த மாதிரி இல்லை. இது வேறு நாற்காலி.

அந்த நாற்காலியில் நிஜமாகவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மதுரையைச் சேர்ந்த இரண்டு மாணவிகள் சேர்ந்து வாழ சென்னைக்கு ஓடி வந்தார்கள். பெற்றோர் காணோம் என்று போலீஸில் புகார். பெண்கள் பாதுகாப்பு கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. எனக்கே இதில் தெளிவு போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல நிபுணர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகுதான் 2021 ஜூன் 7-ம் தேதி உத்தரவு. போலீஸ் தொந்தரவு கூடாது, 'மாற்றுகிறேன் பேர்வழி' என்று வைத்தியம் செய்யக்கூடாது என்றெல்லாம். பெரிய நாற்காலியில் இருப்பவர் இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. 2025 மே மாதம் அதே ஐகோர்ட்டின் இரண்டு நீதிபதிகள், குடும்பம் என்றால் கல்யாணத்தால் மட்டும்தான் அமையும் என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். பெற்றோர் வீட்டில் அடைத்துவைத்த பெண்ணை மீட்கத் தோழி போட்ட வழக்கு அது. எனக்கு அந்த டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

*

கணக்கு எழுத வாரம் இரண்டு நாள் ஒரு ஆபீஸுக்குப் போகிறேன். அங்கே ஒரு பெண் வேலை பார்க்கிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பெயர், ஊர், ஆபீஸ் மூன்றையும் மாற்றக்கூட இல்லை, எழுதாமலே விட்டுவிட்டேன். போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டது.

"அண்ணே, அந்த ரோகிணி படத்தப் பத்தி நீங்க எழுதுவீயளா?"

"எழுதலாம்மா. நீ பாத்தியா?"

"பாத்தேன்." கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "எங்க அம்மா சினிமாவுக்கெல்லாம் போமாட்டாவ. ஒங்க பக்கத்த மட்டும் விடாம படிப்பாவ."

நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

"ரொம்ப கிண்டலா எழுதிராதீங்கண்ணே."

"சரிம்மா."

"எந்த வாரம் வரும்?"

சொன்னேன். விரல் விட்டு எண்ணியது.

"எங்க வீட்டுக்கு ரெண்டு நாள் பொறவுதான் வரும். பக்கத்து வீட்ல வாங்கி, அவிய படிச்சிட்டுத்தான் தருவாவ."